கொடிவேலி வேரும் என் தங்கையின் கழுத்தும்

என் தங்கையின் பின்கழுத்தைப் புண்ணாக்கியது நான்தான். எங்கள் வீட்டில் யாரும் இதை இப்படி நேராகச் சொல்வதில்லை. உடம்பு வாகு அப்படி, வேர் சேரவில்லை, நேரம் சரியில்லை என்று என் கணவரில் தொடங்கி ஆளாளுக்கு ஒரு சமாதானம் வைத்திருக்கிறார்கள். வேருக்குக் கையும் காலும் கிடையாது. அது தானாக நடந்து வந்து அவள் கழுத்தில் ஒட்டிக்கொள்ளவில்லை.

அப்போது கள்ளக்குறிச்சியில் எங்கள் தெருவுக்கும் பக்கத்துத் தெருக்களுக்கும் நான் முகத்துக்கு எண்ணெய் காய்ச்சிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மஞ்சிட்டி வேரையும் நன்னாரி வேரையும் இடித்து, தேங்காய் எண்ணெயில் போட்டு, சின்னத் தீயில் வைத்தால் எண்ணெய் செக்கச்செவேல் என்று ஆகும். பாட்டிலைப் படம் பிடித்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவேன். பரு போகும், தேமல் போகும், முகம் பளபளக்கும் என்று கீழே எழுதுவேன். முழுப்பொய் என்று சொல்லிவிட முடியாது. நன்னாரி அரைத்துப் பூசினால் வேனல்கட்டி அடங்கும். பரு வந்து போன கருப்புத் தடம் மஞ்சிட்டியில் கொஞ்சம் மங்கும். நான் அந்தக் 'கொஞ்ச'த்தை மட்டும் விட்டுவிட்டு எழுதினேன். எண்ணெய் எவ்வளவு சிவப்போ அவ்வளவு நல்லது என்று வாங்குகிற பெண்கள் நம்பினார்கள். சொல்லிச் சொல்லி நானும் அதையே நம்பத் தொடங்கிவிட்டேன்.

தங்கை என்னைவிட எட்டு வயது சின்னவள். அம்மா இறந்துபோனபோது அவள் ஆறாவது படித்துக்கொண்டிருந்தாள். நான் கல்யாணமாகி வந்த வீட்டுக்கே அவளையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். கணவர் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. அதற்காக இன்றும் அவரைக் கும்பிடுவேன். அவள் படித்து முடித்து பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு துணிக்கடையில் வேலைக்குப் போனாள். நாள் முழுக்க நின்றுகொண்டே புடவை விரிக்கிற வேலை. காலையில் அவளுக்கு நான்தான் பின்னல் போட்டு அனுப்புவேன். அப்படி ஒருநாள் சீப்பைப் போட்டபோதுதான் முடி முடிகிற இடத்துக்குக் கீழே, புளியங்கொட்டை அளவுக்கு ஒரு வெள்ளைத் திட்டைப் பார்த்தேன். சுண்ணாம்பு ஒட்டியிருக்கிறது என்று நினைத்து விரலால் தேய்த்தேன். போகவில்லை. போனில் படம் எடுத்து அவளுக்கும் காட்டினேன்.

அவளுக்கு அப்போது உளுந்தூர்பேட்டைப் பக்கம் ஒரு மாப்பிள்ளை பேசி முடித்திருந்தோம். ஹைவே ரோட்டில் சொந்தமாக டயர் கடை வைத்திருப்பவர். அப்பா இல்லை, அம்மா மட்டும். பூ வைக்க இன்னும் ஒரு மாதம் இருந்தது. எங்கள் பக்கத்தில் பூ வைப்பது என்றால் மாப்பிள்ளையின் அம்மா வந்து பெண்ணை உட்கார வைத்து, பின்னலைக் கையால் தூக்கிப் பிடித்துத் தலையில் பூச்சரத்தைச் சுற்றுவார். ஜாக்கெட் கழுத்தை எவ்வளவு ஏற்றித் தைத்தாலும் அந்த ஒரு நிமிடம் பின்கழுத்து வெளியே தெரியத்தான் செய்யும். முகத்தில் இருந்தாலாவது ஏதாவது கிரீம் பூசி மறைக்கலாம். மாமியார்க்காரி கை வைக்கப் போகிற இடத்திலேயா வந்து உட்கார வேண்டும்?

தோல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். இது ஒட்டுகிற வியாதி இல்லை, பயப்படாதீர்கள், ஆனால் நிறம் திரும்ப ஆறு மாதமாவது மருந்து பூச வேண்டும் என்றார். ஆறு மாதத்துக்கு நான் எங்கே போவேன்? வீட்டுக்கு வந்து போனை எடுத்து நோண்டினேன். கொடிவேலி வேரை அரைத்துப் பூசினால் வெண்புள்ளி நிறம் மாறும் என்று யூடியூபில் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரிலிருந்து எனக்கு நன்னாரி வேர் தோண்டிக் கொடுக்கிற பெண் ஒருத்தி இருந்தாள். என் வயதுதான். வழக்கமாக அவளே மூட்டையோடு பஸ்ஸில் இறங்கி வருவாள். அந்த முறை பொறுக்காமல் நானே மலை ஏறினேன். சாமை வயலில் களை எடுத்துக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தாள்.

"கொடிவேலியா? அது இன்னாத்துக்கு உனக்கு?"

விஷயத்தைச் சொன்னேன். போனில் எடுத்து வைத்திருந்த படத்தையும் காட்டினேன்.

"இத்தினியூண்டு திட்டுக்கா மலையேறி வந்த?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. உனக்கென்னம்மா, உன் தங்கைக்கா பூ வைக்கப் போகிறார்கள் என்று மனசுக்குள் வைதேன்.

கடைசியில் தோண்டிக் கொடுத்தாள். சுண்டுவிரல் தடிமனில் ஒரு கைப்பிடி. கையில் படாமல் தேக்கு இலையில் சுற்றித் தந்தாள்.

"சுண்ணாம்புத் தண்ணியில ஊறப் போடு. தண்ணி ரத்தமாட்டம் செவந்துக்கும். அத்தக் கொட்டிட்டு வேற தண்ணி ஊத்து. தெனம் இப்பிடியே மாத்திக்கினே இரு. என்னிக்குத் தண்ணி செவக்காம நிக்குதோ அன்னிக்குதான் அது மருந்து. அதுக்கு முன்னால மேல பட்டுச்சுன்னா தோலு வழண்டு உரிஞ்சிக்கும், சொல்லிட்டேன்."

தலையைத் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

சொன்னபடியே ஊற வைத்தேன். மறுநாள் காலையில் பார்த்தால் தண்ணீர் குங்குமம் கரைத்த மாதிரி இருந்தது. கொட்டினேன். இரண்டாம் நாளும் அதே சிவப்பு. கொட்டும்போது வயிறு எரிந்தது. கீரை வேகவைத்த தண்ணீரைக்கூட ரசத்தில் ஊற்றுகிற வீடு எங்களுடையது. வடித்த கஞ்சியைச் சாக்கடையில் கொட்டினால் அம்மா அடிப்பாள், சத்தெல்லாம் அதிலேதானே இருக்கிறது என்பாள். மூன்றாம் நாள் அந்தச் சிவப்பைப் பார்த்துக்கொண்டே நின்றேன். வெளுத்துப்போன தோலுக்கு நிறம் வேண்டும். நிறமெல்லாம் தண்ணீரில் இறங்கிக்கொண்டிருக்கிறது. அதைக் கொட்டிவிட்டு வெறும் சக்கையை அரைத்துப் பூசி என்ன பயன்? மலைக்காரிக்கு என்ன தெரியும், காய்ச்சுகிறவள் நான் இல்லையா? அதுதான் அன்று என் புத்தி. மூன்றாம் நாள் தண்ணீரை நான் கொட்டவில்லை. வேரை அந்தத் தண்ணீரிலேயே போட்டுக் கொதிக்கவிட்டுச் சுண்டக் காய்ச்சினேன். பிறகு அம்மியில் வைத்து அரைத்தேன். கரண்டியால் வழித்தேன், கையில் படவில்லை. பட்டிருந்தால் தப்பித்திருப்போம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவளுக்குக் கடை லீவு. கூடத்தில் குப்புறப் படுக்க வைத்துத் திட்டின் மேலும் சுற்றியும் தாராளமாகப் பூசினேன்.

கொஞ்ச நேரத்தில், "யக்கா, எரியுது" என்றாள்.

"எரிஞ்சாதான்டி வேல செய்யுதுன்னு அர்த்தம். பொறுத்துக்கோ."

"ஜாஸ்தியா எரியுதுக்கா."

"கழுவாத. கழுவினா எல்லாம் வீணாப் பூடும்."

அவள் தலையணையைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து விசிறினேன். டிவியில் ஒரு படம் ஓடிக்கொண்டிருந்தது. அது முடிகிற வரைக்கும் விட்டு வைத்திருந்தேன். ஒரு முழுப் படம்.

மறுநாள் காலையில் பின்கழுத்து முழுக்கக் கொப்புளம். சோளப்பொரி பொரிந்த மாதிரி இருந்தது. அடுத்த நாள் அவை உடைந்து நீர் வடிந்தது. அப்போதாவது ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்க வேண்டும். சின்ன ஊர், யாராவது பார்த்துவிடுவார்கள், பேச்சு உளுந்தூர்பேட்டைக்குப் போய்விடும் என்று பயந்து மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் குழைத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் காய்ச்சல் வந்துவிட்டது. அப்புறம்தான் போனோம். புண்ணைப் பார்த்த டாக்டரம்மா என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "யார் போட்டது இதை?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், "நானேதான் போட்டுக்கினேன் மேடம், யூடியூப் பாத்து" என்றாள் தங்கை. நான் வாயை மூடிக்கொண்டேன். அந்த நிமிடத்தில் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அதற்காகத்தான் என்னை நான் மன்னிக்கவே முடியவில்லை.

பூ வைக்கும் நாள் நெருங்கிவிட்டது. தள்ளிப்போடக் காரணம் வேண்டும். காய்ச்சல் என்றால் நேரில் பார்க்க வருவார்கள். அம்மை என்றால் வரமாட்டார்கள். வெளியாட்கள் வாசல்படி மிதிக்கக் கூடாது. அவளுக்கு அம்மை வார்த்திருக்கிறது என்று மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். நிலைப்படியில் வேப்பிலைக் கொத்தைச் செருகினேன். பக்கத்து வீட்டுக்கு வாசனை போய்விடுமே என்று குழம்பைத் தாளிக்காமல் இறக்கினேன். ஒரு பொய்க்காக இரண்டு வாரம் வீடே பத்தியச் சோறு தின்றது. கணவர் தட்டைப் பார்த்துவிட்டு, "ஆத்தாவ வச்சி வெளையாடாத" என்றார். உங்களுக்கு ஒன்றும் தெரியாது, சும்மா இருங்கள் என்று அவர் வாயையும் அடைத்தேன்.

தலைக்கு முதல் தண்ணீர் ஊற்றியாயிற்று, இரண்டாம் தண்ணீர் ஊற்றியாயிற்று என்று போனில் கணக்காகச் சொல்லிக்கொண்டே வந்தேன். மூன்றாம் தண்ணீரும் ஆயிற்று என்று சொன்ன மறுநாள் அந்த அம்மா சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். ஒரு கையில் இளநீர்க் குலை, இன்னொரு கையில் மாரியம்மன் கோயில் பூவும் திருநீறும். பஸ் மாறி வெயிலில் நடந்து வந்த முகம் வாடியிருந்தது.

"வாங்க அத்த" என்றேன்.

"பத்து நாளா எங்க வூட்டுல கறி கவிச்சி ஆக்கல. கொழந்தைக்கு வடு வுழாம எறங்கிடணும்னு ஆத்தாகிட்ட கேட்டுக்கினே இருந்தேன். எங்க அவ?"

உள்ளே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். நெற்றியில் திருநீறு வைத்தார். முகவாயைப் பிடித்துத் திருப்பி இந்தக் கன்னம், அந்தக் கன்னம் என்று பார்த்தார். ஒரு வடுகூட இல்லை. அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். "ஆத்தா காப்பாத்திட்டா" என்று சொல்லிக்கொண்டே, கொண்டுவந்த பூவைத் தலையில் வைக்கப் பின்னலைத் தூக்கினார்.

கை அப்படியே நின்றது. புண்ணில் போட்டிருந்த கட்டை அன்று காலையில்தான் பிரித்திருந்தோம். காய்ந்தும் காயாமலும், ஓரத்தில் சிவந்து, நடுவில் தோல் உரிந்து கிடந்தது. அந்த அம்மா தொட்டுப் பார்க்கவில்லை. பின்னலை மெதுவாகக் கீழே விட்டார். என் பக்கம் திரும்பினார்.

"இது அம்ம இல்லியே?"

நான் அழுதேன். வெள்ளைத் திட்டு, வேர், டாக்டர் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் கொட்டினேன். கேட்டு முடித்துவிட்டு அவர் சொன்னார்.

"திட்டு இருந்தா இருந்துட்டுப் போவுது. அத்தச் சொல்லியிருந்தா நான் யோசன பண்ணியிருப்பேன், பண்ணாம கூட இருந்திருப்பேன். ஆத்தா பேரச் சொல்லிப் பொய் சொன்னீங்களே. நான் அங்க வெரதம் இருந்துக்கினு கெடக்கறேன், நீங்க இங்க வேப்பல கட்டி நாடகம் ஆடிக்கினு இருந்தீங்களா? இந்த வூட்டுல பொண்ணெடுத்தா எங்க வூடு வெளங்குமா?"

பூவை எடுத்து மறுபடியும் பைக்குள் வைத்துக்கொண்டார். இளநீர்க் குலை வாசலிலேயே கிடந்தது. ஒரு வாரம் கழித்து, வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்கள்.

அடுத்த முறை மலைக்காரி நன்னாரி மூட்டையோடு வந்தபோது புண்ணின் படத்தைக் காட்டினேன். சண்டை போடலாம் என்றுதான் காட்டினேன். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "தண்ணி செவக்காம நின்னுச்சா?" இல்லை என்றேன். மூட்டையை இறக்காமல் அப்படியே திரும்பிப் போய்விட்டாள். அதோடு எண்ணெய் காய்ச்சுவது நின்றது. இன்றும் யாராவது ஒருத்தி, 'அந்தச் செவப்பு எண்ணெய் இருக்குதாக்கா' என்று கேட்கத்தான் செய்கிறாள்.

புண் ஆறியது. ஆறிய இடமெல்லாம் வெளுத்துவிட்டது. தோலைப் புண்ணாக்கினால் அந்த இடத்துக்கும் திட்டு பரவும் என்று தோல் டாக்டர் பிறகு விளக்கினார். புளியங்கொட்டை அளவு இருந்தது இப்போது என் உள்ளங்கை அளவு. காதுக்குப் பின்னால் வரை வந்திருக்கிறது. எந்தப் பின்னலுக்கும் அது அடங்காது. துணிக்கடையில், வாடிக்கையாளர்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள் என்று சொல்லி அவளை மாடியில் மூட்டை பிரிக்கிற வேலைக்கு மாற்றிவிட்டார்கள்.

போன மாதம் ஒருநாள், துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தபோது, நான் கேட்காமலே அவள் சொன்னாள்.

"அவருக்குத் தெரியும்கா."

"யாருக்குடி?"

"அவருக்குதான், உளுந்தூர்பேட்டையில. நீ மொதமொதல்ல போட்டோ எடுத்துக் காட்டினியே, அன்னிக்கே அவருக்கு அனுப்பிட்டேன். இதுல இன்னா இருக்குது, எங்கம்மாகிட்ட நானே பக்குவமா சொல்லிக்கறேன்னாரு."

மடித்துக்கொண்டிருந்த புடவையைக் கீழே வைத்தேன்.

"அப்ப ஏன்டி அத்தப் பூசிக்க ஒத்துக்கின?"

"நீ அதுக்காவ மலைக்கெல்லாம் போய் வந்த. ராவும் பகலும் அதே நெனப்பா இருந்த. வேணாம்னு சொல்ல மனசு வரல."

"சரி, எரிஞ்சப்பவாவது எழுந்து போய்க் கழுவியிருக்கலாமே. அவ்ளோ நேரம் ஏன்டி படுத்துக்கினு இருந்த?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை. நான் ஏன் இதைக் கேட்கிறேன் என்று நிஜமாகவே அவளுக்குப் புரியவில்லை.

"நீதான கழுவாதன்னு சொன்ன?"