கறுத்துப்போன ஜாதகம்

நான் லேப்டாப்போடு வீடு வீடாகப் போய் கம்ப்யூட்டர் ஜாதகம் கணித்துக் கொடுப்பவன். மயிலாப்பூரிலிருந்து பழைய ரிப்பன் பிரிண்டரையும் பஸ்ஸில் சுமந்து தோள்வலி கண்டதால், பைக்குள் அடங்கும் சின்ன பிரிண்டர் ஒன்றை வாங்கினேன். எடையை மட்டும்தான் பார்த்தேன். சூடு பட்டால் கறுக்கும் தாளில்தான் அது அச்சடிக்கும்.

அடையாறில் ஒரு கைக்குழந்தைக்கு அதில் ஜாதகம் அச்சடித்துக் கொடுத்தேன். மறுநாள் குழந்தையின் அப்பா வந்து நின்றார்.

"பத்திரமா இருக்கட்டும்னு பாண்டி பஜார்ல லேமினேஷனுக்குக் குடுத்தேன் சார். முழுக்கக் கறுப்பா வந்துடுச்சு. குழந்தையோட அம்மா நேத்துலேர்ந்து சாப்பிடல. ஆயுசு கெட்டிதானே? மறைக்காம சொல்லுங்க."

லேமினேஷன் சூட்டில் தாள்தான் கறுத்தது என்று நான் சொன்ன விளக்கம் எடுபடவில்லை. அந்தக் கடைக்கே கணவன் மனைவி இருவரையும் அழைத்துப்போய், அதே பிரிண்டரின் எதுவும் அச்சடிக்காத தாளை லேமினேஷன் செய்து, அதுவும் கறுத்ததைக் காட்டிய பிறகுதான் அந்தப் பெண் சாப்பிட்டார்.

இப்போது மறுபடியும் ரிப்பன் பிரிண்டரைத்தான் சுமக்கிறேன். வலி என் தோளோடு போகட்டும்.