‘கழுத்து வலி’ என்று எழுதிய திங்கட்கிழமை

1. மருந்து ஜன்னல்

அவள் வாயைத் திறக்கவில்லை.

ஜன்னலுக்கு வெளியே மாரியாயி, உள்ளே மருந்துக் கிளாசுடன் நான், இருவருக்கும் நடுவே அக்கரப்பத்தனை மலையின் காலை மூடுபனி. தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் வழக்கம் இல்லை. கொடுத்தால் சாக்கடைக் கானில் ஊற்றிவிடுவார்கள் என்பது தோட்டத்தை நிர்வகிக்கும் பெரிய துரையின் திடமான நம்பிக்கை. ஜன்னலிலேயே நின்று குடித்துக் காட்ட வேண்டும்.

“வாயத் தொற புள்ள. பின்னால முப்பது பேர் நிக்கிறாங்க.”

அவள் உதடுகளைக் கிளாசில் ஒட்டினாள். பல்லில் பட்டு, மருந்து மோவாய் வழியே இறங்கிச் சேலையை நனைத்தது. அவள் சிரிக்கிறாள் என்று நினைத்தேன். உதட்டோரம் இழுத்திருந்தது. எனக்கு எரிச்சல் பொங்கியது.

வரிசையில் அவளுக்கு அடுத்து நின்றவள் கருப்பாயி. இருவருக்கும் ஒரே லயத்து வரிசை வீடுகள், ஒரே கொழுந்து மலை.

“விடுங்க டாக்டரையா. அவ புருசங்கிட்ட சண்டை போடத்தான் வாயத் தொறப்பா!”

வரிசை முழுக்கச் சிரித்தது. (நான் டாக்டர் அல்ல, டிஸ்பென்சர். தோட்டத்தில் அந்த வேறுபாட்டை யாரும் பார்ப்பதில்லை. சில வேளை நானும் பார்த்ததில்லை.) சிரிப்பு அடங்குமுன் கருப்பாயி இன்னொன்றும் சொன்னாள்.

“நேத்திலேருந்து வெத்தலகூடப் போடலீங்க. எம் மடியிலேருந்து திருடித் திங்கிறவ. இப்ப நானே மடிச்சுக் குடுத்தாலும் வேணாங்கிறா.”

அதைச் சொல்லிவிட்டு அவளும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கிளாசைக் கீழே வைத்தேன்.

2. அதற்கு முன் திங்கட்கிழமை

அன்று புதன். வலி குறையவில்லை என்று மறுபடி வந்தவளுக்குத்தான் அந்த மருந்தை ஊற்றியிருந்தேன். அவள் முதலில் வந்தது திங்கள். ஐம்பதுகளின் நடுப்பகுதி, எனக்கு இருபத்தெட்டு வயது.

விடியும்போது பெரட்டு. வேலைக்குப் பேர் கொடுக்க எல்லோரும் கூடுவார்கள். சுகமில்லை என்றவர்களைக் கங்காணி தனியே பிரித்து என் ஜன்னலுக்கு ஓட்டி வருவார். மற்றவர்கள் மலை ஏறி முடிப்பதற்குள் நான் ஒவ்வொருவரையும் ‘வேலை’ அல்லது ‘ஓய்வு’ என்று தீர்த்தாக வேண்டும். ஆளுக்கு இரண்டு நிமிடம்கூடக் கிடைக்காது. ஆஸ்பத்திரியில் பயிற்சி பெற்றபோது நோயைத் தேடச் சொல்லிக் கொடுத்தார்கள். தோட்டத்துக்கு வந்த மூன்றே மாதத்தில் பொய்யைத் தேடக் கற்றுக்கொண்டுவிட்டேன். யார் நடிக்கிறார்கள், யார் நேற்றுக் கூத்துப் பார்த்துக் கண் சிவந்தவர் என்று முகம் பார்த்துச் சொல்வேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

நோயாளி பேசுவதும் குறைவு. பழனிக் கங்காணி பக்கத்தில் நின்று எல்லோருக்கும் அவரே பேசுவார்.

“இவளுக்குக் கழுத்து வலிங்கையா. கூடைக் கயிறு இழுத்திருக்கு.”

மாரியாயி தலையைக்கூட ஆட்டவில்லை. கொழுந்துக் கூடையின் கயிறு தலையில்தான் தொங்கும். மழையில் நனைந்த கொழுந்தின் பாரம் நாள் முழுக்கக் கழுத்தில் இறங்கும். கொழுந்தெடுக்கும் பெண்களில் கழுத்து வலிக்காத ஒருத்தியை நான் கண்டதில்லை. கங்காணி சொன்னார், நான் தேய்க்கும் தைலத்தைக் கொடுத்து எழுதினேன். நோட்டில் நோய்க்கு விட்டிருந்த இடம் ஒரு விரல் அகலம். ‘கழுத்து வலி. லினிமென்ட். வேலை.’

அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போனாள். அவள் போவதை நான் பார்க்கக்கூட இல்லை.

3. கதவுக்கு வெளியே

புதன்கிழமை நான் கதவைத் திறந்து ஜன்னலுக்கு அந்தப் பக்கம் போனேன். மருந்து நேரத்தில் அப்படி வெளியே வந்தது அதுவே முதல் தடவை. வரிசை ஒதுங்கி நின்றது.

அவள் பிடரியில் கை வைத்தேன். பலகை. தலையைக் குனிய வைக்க முடியவில்லை. பல் வரிசைக்கு நடுவே என் சுண்டுவிரல் நுழையவில்லை. சிரிப்பு என்று நான் எரிச்சல்பட்டது சிரிப்பே அல்ல. முகத்துச் சதை தானாக இறுகி இழுத்துக்கொண்டிருந்தது. கண்கள் மட்டும் அவளுடையவையாக இருந்தன. அவை என்னைக் கெஞ்சின.

“இவளுக்கு எங்கயாவது காயம் பட்டுச்சா?”

“இல்லீங்களே” என்றார் கங்காணி.

“நீங்க இருங்க கங்காணி. கருப்பாயி, நீ சொல்லு.”

“காயமுன்னு ஒண்ணும் இல்லீங்க. போன வாரம் அடுப்பெரிக்க மிலாறுக் குச்சி பொறுக்கப் போனோம். தேயில கவ்வாத்து வெட்டின மலையில. ஒரு குச்சி கால்ல ஏறிருச்சு. அவளே புடுங்கிப் போட்டுட்டு மஞ்சப் பத்து வச்சா. ஆறிப்போச்சே!”

ஈர மண்ணில் மண்டியிட்டு அவள் பாதத்தைத் தூக்கிப் பார்த்தேன். பெருவிரலுக்குக் கீழே, மிளகளவு ஒரு கறுப்புப் புள்ளி. மேலே ஆறி, உள்ளே மூடிக்கொண்ட துளை. ஏர்ப்புவலி, டெட்டனஸ்.

“இத ஏன் திங்கக்கெழமையே சொல்லல?” என்று கத்தினேன்.

கருப்பாயி விழித்தாள். “கழுத்து வலிக்கு வந்தவ கால் கதைய எதுக்குங்க சொல்லுவா? நீங்களும் கேக்கலியே.”

அந்தப் பெண் குத்திக் காட்டவில்லை. நடந்ததைச் சொன்னாள்.

லொறி வேண்டும் என்றேன். “லொறி கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் போகணுங்க, துரை கேப்பாரு” என்றார் கங்காணி. “துரைக்கு நான் பதில் சொல்றேன்” என்றேன்.

வெற்றுக் கொழுந்துச் சாக்குகளைப் பரப்பி, கம்பளியால் அவள் கண்ணை மறைத்துப் படுக்க வைத்தோம். கருப்பாயி தலைமாட்டில். முதல் வளைவில் டிரைவர் வழக்கம்போல் ஹோர்ன் அடித்தார். மாரியாயியின் உடம்பு வில்லாக வளைந்து சாக்கைவிட்டு எழும்பியது. பல் நெறிபடும் சத்தம் எனக்குக் கேட்டது. வெளிச்சம், சத்தம், தொடுகை எதுவானாலும் இந்த நோயில் வலிப்பைக் கூட்டும்.

“ஹோர்ன் அடிக்காதீங்க!”

“அடிக்காம எப்டி மாத்தயா? வளைவுல பஸ் வந்தா எல்லாரும் கீழதான்” என்றார் அந்தச் சிங்கள டிரைவர்.

நான் குதித்து இறங்கினேன். வளைவு வரை ஓடினேன். எதிரே ஒன்றும் இல்லை, கையைக் காட்டினேன். லொறி ஊர்ந்து வந்தது. ஏறினேன். அடுத்த வளைவு, மறுபடி இறங்கினேன், ஓடினேன். ஒரு கால் சப்பாத்து எங்கோ கழன்று விழுந்தது. மலைநாட்டு ரோட்டில் எத்தனை வளைவு என்று ஓடிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். மழை பெய்தது, விட்டது, மறுபடி பெய்தது. இன்று அந்த ரோட்டில் பஸ்ஸில் போகும்போதும் ஒவ்வொரு வளைவிலும் என் கால் தரையைத் தேடுகிறது.

4. நேரம்

அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். குரலை உயர்த்தாதவர். அவளை இருட்டறைக்கு அனுப்பிவிட்டு என்னைப் பார்த்தார்.

“எப்ப முதல் கண்டனீர்?”

இன்று காலை என்று சொல்லியிருக்கலாம். நோட்டு தோட்டத்தில் இருந்தது. கங்காணி வாய் திறக்கமாட்டார். அந்தப் பொய் என் நாக்கின் நுனி வரை வந்து நின்றது.

“திங்கட்கிழமை” என்றேன்.

“என்ன குடுத்தனீர்?”

“லினிமென்ட்.”

“வாயைத் திறக்கச் சொல்லிப் பாத்தனீரோ?”

“இல்லை.”

திட்டுவார் என்று நின்றேன். அவர் சீட்டில் எதையோ திருத்தினார். “நல்லது. இண்டைக்குத்தான் துவங்கினது எண்டு நினைச்சு எழுதப் பாத்தன். எவ்வளவு வேகமா ஏறுது எண்டு தெரியாட்டி நான் பிழை விட்டிருப்பன்.” பிறகு சொன்னார்: “கழுத்து வலி எண்டது நோயாளி சொல்லுற முறைப்பாடு, தம்பி. அது நோயின்ர பேர் இல்லை. நீர் அதையே பேராய் எழுதிப்போட்டுத் தேடுறதை விட்டிட்டீர்.”

நான்கு வாரம். இருட்டறை, ஊசி, மூக்கு வழியே கஞ்சி. ஞாயிறுதோறும் போனேன். வாசலில் அவள் புருஷன் குந்தியிருப்பான். என்னைக் கண்டதும் எழுந்து கும்பிடுவான். அவளைக் கொண்டுவந்தவன் என்று மட்டும்தான் அவனுக்குத் தெரியும். மூன்றாவது ஞாயிறு திங்கட்கிழமைக் கதையை அவனிடம் சொன்னேன். அன்று நான் கிளம்பும்போது அவன் கும்பிடவில்லை. அதுதான் சரி.

அவள் பிழைத்தாள். முதுகு மெலிந்து, கோலூன்றித் திரும்பி வந்தாள். “திங்கக்கெழம என்கிட்ட சொல்லியிருக்கலாமே” என்று நான் தயங்கித் தயங்கிக் கேட்டபோது, “வாயத் தொற தொறன்னு புதங்கெழம கேட்டீங்க. திங்கக்கெழம கேட்டிருந்தா தொறந்திருப்பேன்ல?” என்றாள். கருப்பாயி விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன், பாதியில் நின்றுவிட்டது.

5. திரும்பி வராதவர்கள்

அதன்பிறகு செய்தவை பெரிய வித்தை ஒன்றும் இல்லை. மருந்து நேரத்தில் கங்காணியை வரிசைக்கு அப்பால் நிற்கச் சொன்னேன். முறைத்துக்கொண்டார், ஒரு மாதம் பேசவில்லை. பெண்கள் என்னிடம் சொல்லக் கூசுவதைக் கேட்டுச் சொல்ல தோட்டத்து மருத்துவிச்சியை உள்ளே உட்கார வைத்தேன். அதே நோவுடன் ஒருவர் இரண்டாம் முறை வந்தால், முதலில் எழுதியதைப் பார்க்காமல் உச்சி முதல் பாதம் வரை புதிதாகப் பார்த்தேன். அந்தத் திங்கட்கிழமை வரிக்குப் பக்கத்திலேயே சரியான பெயரைச் சிவப்பு மையில் எழுதினேன். முதல் வரியை அடிக்கவில்லை. எனக்குப் பின் வரும் டிஸ்பென்சர்கள் இரண்டையும் படிக்கட்டும்.

அப்படி எழுதிய நாளில்தான் பக்கங்களைப் பின்னால் புரட்டினேன். கழுத்து வலி, லினிமென்ட். வயிற்று வலி, உப்பு. களைப்பு, பூச்சி மருந்து. ஒருமுறை வந்து பிறகு வராத பெயர்கள். மறுபடி வராதவர் எல்லாம் என் மருந்தில் குணமானவர் என்று அத்தனை நாளும் நினைத்திருந்தேன். யாரும் வந்து, ‘உங்கள் மருந்து பிழை’ என்று சொன்னதில்லை. எழுந்து ஜன்னலுக்கு வர முடிந்தவர்கள் வந்தார்கள், அவ்வளவுதான். மற்றவர்களை நான் கேட்டதே இல்லை.

அடுத்த ஞாயிறு பெயர்களைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு லயங்களுக்குப் போனேன். இப்போது எனக்கு நாற்பது, இது நான்காவது தோட்டம். ஒரு மலையில் ஒட்டாத ஆள் நான். ஞாயிற்றுக்கிழமை நடை மட்டும் என்னோடு தோட்டம் தோட்டமாக வந்தது. இந்த வேலைக்கு இப்போது வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இது ஒன்றுதான்: உங்கள் மருந்து என்ன ஆனது என்பது உங்கள் ஜன்னலில் தெரியாது. போய்க் கேளுங்கள்.

அந்த முதல் ஞாயிறு நான் தட்டிய முதல் கதவைத் திறந்தவள், இரண்டு மாதத்துக்கு முன் நெஞ்சு நோவென்று வந்து நான் ‘வேலை’ என்று திருப்பி அனுப்பிய ஒரு பெண். கையில் அடுப்பூதும் குழல். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“என்ன டாக்டரையா, நான் செத்துட்டேனா இருக்கேனான்னு பாக்க வந்தீங்களா?”

“ஆமாம்மா” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. குழலைக் கீழே வைத்தாள். சேலையை நெஞ்சோடு இழுத்துக்கொண்டு, இன்னும் வலிக்கும் இடத்தைக் கையால் காட்டினாள்.