தாழ்ப்பாள் எந்தப் பக்கம்?

"என்னை நம்ப வைக்கிற ஆள் இன்னும் பொறக்கல" என்று பில்லுக்காரர் ஒரு மத்தியான வேளையில், பெரிய கடையின் கிடங்கு ஓரமாக நின்று தேநீரை உறிஞ்சியபடி உலகத்துக்கு அறிவித்தார். உலகத்தின் சார்பில் அங்கே இருந்தவள் பில் போடும் பெண் ஒருத்திதான்.

"அப்ப இந்த டீயை மட்டும் எப்படிண்ணே நம்பிக் குடிக்கிறீங்க?"

"நீ முதல்ல குடிச்சே. உனக்கு ஒண்ணும் ஆகல. அப்புறம்தான் நான் வாயில வச்சேன்."

பில்லுக்காரருக்கு வேலை கடையின் வெளிவாசலில். வாங்கியவர்கள் பையோடு வந்தால் பில்லை வாங்குவார், பைக்குள் எட்டிப் பார்ப்பார், முகத்தைப் பார்ப்பார், மறுபடி பைக்குள் பார்ப்பார், அதன்பிறகே பில்லில் ஓட்டை போடுவார். சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்கும் பாக்கியம் எத்தனை பேருக்கு வாய்க்கும்? வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புவோர் உண்டு. இவர் பாலையே பால் என்று நம்பாதவர். கல்யாணத்தைப் பதிவு செய்யப் போன இடத்தில் மணப்பெண்ணைப் பார்த்து, "நீதானே அது?" என்று கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகே கையெழுத்துப் போட்டார். அம்மையார் இன்றுவரை அதை மன்னிக்கவில்லை.

வீட்டிலும் பாதுகாப்பு ஏற்பாடுகள் பலம். ஊரில் எல்லார் வீட்டிலும் அறைத் தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கும். இவர் வீட்டில் எல்லா அறைக்கும் வெளிப்பக்கம். கூரையைப் பிரித்து இறங்குகிற திருடன் கூடத்துக்கு வர முடியாமல் அறைக்குள்ளேயே மாட்டிக்கொள்வான் என்பது தத்துவம்.

"அப்ப நாம எங்கே படுக்குறது?" என்று மனைவி கேட்டாள்.

ஆகவே அறைகளைத் திருடனுக்கு ஒதுக்கிவிட்டுக் குடும்பம் கூடத்தில் படுத்தது. திருடன்தான் இன்னும் வந்தபாடில்லை.

இப்படிப்பட்ட வீட்டுக்குள் ஒரு சனிக்கிழமை, பதினைந்து வயது மகள் பள்ளிச் சாரணியர் சீருடையோடு ஓடி வந்தாள். கழுத்துத் துண்டு ஒரு பக்கம், மூச்சு ஒரு பக்கம்.

"அப்பா, என்னைத் தேர்ந்தெடுத்துட்டாங்க! வெளிநாடு! பத்து நாள்!"

"யாரு? எதுக்கு? உன்னை ஏன்?"

"முதல்ல அந்த ஊர் சாரணியர் பொண்ணு ஒருத்தி இங்க வந்து நம்ம வீட்டுல தங்குவா. அப்புறம் நான் போய் அவ வீட்டுல தங்குவேன். வீட்டுக்கு வீடு. செலவு எல்லாம் இயக்கமே பாத்துக்கும்."

"சும்மாவா?"

"சும்மாதான்."

"தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கக் கூடாதும்பாங்க," என்றார் பில்லுக்காரர். "அப்படிச் சொன்னது யாரு? மாட்டைக் கொடுத்தவன்தான் சொல்லியிருப்பான்."

மறுவாரம் பல்லைப் பிடித்துப் பார்க்கப் பள்ளிக்கே புறப்பட்டார். மைதானத்தில் சைக்கிள் கொட்டகையின் தூணுக்குப் பின்னால், தூணைவிட அகலமான தாம் மறைந்துவிட்டதாக எண்ணி நின்றார். பெண்கள் கயிற்றில் முடிச்சுப் போட்டார்கள். எதற்குக் கயிறு? ஒருத்திக்கொருத்தி இடது கையால் கைகுலுக்கினார்கள். அங்கேதான் அவருக்குப் பொறுக்கவில்லை. நேரே சாரணியர் டீச்சரிடம் போனார்.

"இடது கையைக் கொடுக்குறாங்களே, வலது கையில என்ன வச்சிருக்காங்க?"

டீச்சர் பள்ளியில் கணக்குப் பாடம் எடுப்பவர், பொறுமைக்குப் பஞ்சமில்லை. "அது எங்க வழக்கம் சார். உலகம் பூரா சாரணியருங்க அப்படித்தான் கைகொடுப்பாங்க. தூணுக்குப் பின்னாடி ரொம்ப நேரம் நின்னீங்களே, உக்காருங்க."

டிக்கெட் யார் எடுப்பது, பாஸ்போர்ட் யார் கையில் இருக்கும், அந்த ஊர் வீட்டுக்காரர் என்ன வேலை, ஏன் அந்த வேலை, என்று பில்லுக்காரர் குடைந்தார். டீச்சர் ஒன்றுவிடாமல் பதில் சொல்லிவிட்டு, "ஞாயித்துக்கிழமை நாங்க உங்க வீட்டைப் பாக்க வர்றோம்" என்றார்.

"என் வீட்டை எதுக்கு?"

"வர்ற பொண்ணு அங்கதானே தங்கப் போகுது? அவளோட அப்பா கேட்டிருக்காரு."

"என்னையா சந்தேகப்படுறாரு?"

"முன்னப்பின்ன தெரியாத மனுஷன் வீடு சார். சந்தேகப்படமாட்டாரா?"

பில்லுக்காரர் வாழ்க்கையில் முதன்முறையாக ஓட்டை போடப்படும் பில்லாக உணர்ந்தார்.

ஞாயிறன்று டீச்சரும் இயக்கத்தின் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த ஒரு கண்ணாடி போட்ட அம்மாளும் வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள். தண்ணீர், கழிவறை, மின்விசிறி எல்லாம் தேறின. விருந்தாளிக்கான அறைக்கு வந்ததும் அம்மாள் நின்றார். தாழ்ப்பாளை ஒரு முறை இழுத்தார், ஒரு முறை தள்ளினார்.

"இது வெளியே இருக்கே?"

"ஆமாங்க. உள்ள வந்தவன் வெளியே போக முடியாது" என்றார் பில்லுக்காரர் பெருமையோடு.

அம்மாள் டீச்சரைப் பார்த்தார். மகள் சுவரைப் பார்த்தாள்.

"அதாவது திருடனைச் சொல்றேன்" என்று அவசரமாக விளக்கினார். "கத்தினாலும் வெளியே கேக்காது. ஜன்னலுக்குக் கெட்டிக் கம்பி போட்டிருக்கேன்."

அந்த வீட்டின் வரலாற்றில் எந்த விளக்கமும் இத்தனை வேகமாகக் குழி தோண்டியதில்லை. மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்பது தெரியவில்லை.

"மன்னிக்கணும்" என்றார் அம்மாள். "ஒரு பொண்ணை இந்த அறையில தங்க வைக்க முடியாது. அவ வரலைன்னா உங்க பொண்ணும் போக முடியாது. இதுக்கு ஒரு வழி பண்ணிட்டு அடுத்த வாரத்துக்குள்ள சொல்லுங்க, இல்லைன்னா வேற வீடு பாக்கணும்."

கடையில் பில்லுக்காரர் பொருமித் தீர்த்தார். "என்னைப் போய்! ஒரு ஈயை அடிச்சிருப்பேனா?"

"பையைத் திறந்து காட்டச் சொன்னா எல்லாருக்கும் அப்படித்தாண்ணே இருக்கும்" என்றாள் பில் போடும் பெண், கையை நிறுத்தாமல்.

வீட்டில் மகள் அழவில்லை, சண்டை போடவில்லை. சீருடையை மடித்து அலமாரியின் அடித்தட்டில் வைத்தாள். அதுதான் அவரை அறுத்தது.

"அந்த ஆளு அப்படி என்னதான் கேட்டிருக்கான்?" என்றார் இரண்டாம் நாள்.

டீச்சர் அனுப்பியிருந்த கேள்விகளை மகள் கைபேசியில் படித்தாள். "'வீட்டுல நாய் இருக்கா? இருந்தா யாரையாவது கடிச்சிருக்கா? கடிக்கலைன்னா ஏன்?'"

"ம்."

"'வீட்டுக்காரர் வாசல்ல நின்னு சந்தேகப்படுறாருன்னு எழுதியிருக்கீங்க. அது ஒரு வேலையா? சம்பளம் யார் தர்றாங்க?'"

"ம்ம். அப்புறம்?"

"'என் பொண்ணு அறைக் கதவு யார் கையில இருக்கும்?'"

இப்படி ஒரு கேள்வி தமக்குத் தோன்றவில்லையே என்று பில்லுக்காரருக்கு ஆற்றாமை. அவர் அந்த ஊர்க்காரரின் வேலையை விசாரித்தார், பாஸ்போர்ட்டை விசாரித்தார், கதவை விசாரிக்கவில்லை.

"ஆளு விவரமானவன்" என்றார் கடைசியில். அவர் வாயிலிருந்து இன்னொரு மனிதனுக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது.

வார விடுமுறையன்று திருப்புளியை எடுத்தார். மனைவி கதவைப் பிடித்துக்கொள்ள, விருந்தாளி அறையின் தாழ்ப்பாளைக் கழற்றி உள்பக்கம் மாட்டினார். துருப்பிடித்த திருகாணி ஒன்று வரமாட்டேன் என்று அடம்பிடித்தது.

"அதையும் சந்தேகப்படுங்க, வந்துடும்" என்றாள் மனைவி.

கண்ணாடி அம்மாள் மறுபடி வந்தார், உள்ளே போய்த் தாழிட்டுப் பார்த்தார், தலையசைத்தார். மகள் சீருடையை அடித்தட்டிலிருந்து எடுத்தாள்.

வெளிநாட்டுப் பெண் வந்து சேர்ந்த சாயங்காலம், அறைக்குள் போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். கூடத்தில் இருந்த பில்லுக்காரருக்கு அந்தச் சத்தம் நன்றாகக் கேட்டது. தம் வீட்டிலேயே தாம் வெளியே நிறுத்தப்பட்டிருக்கிறோம் என்பதைச் சற்று நேரம் யோசித்தார்.

"சரியா விழுந்துச்சா?" என்று மட்டும் மனைவியிடம் கேட்டார்.

பத்து நாளும் அந்தப் பெண்ணின் அப்பா கைபேசித் திரையில் வந்தார். அவர் பேசியது இவருக்குப் புரியவில்லை. இவர் பேசியது அவருக்குப் புரியவில்லை. இருவரும் புருவத்தைச் சுருக்கி ஒருவரையொருவர் எடைபோட்டார்கள். ஒரு நாள் அவர் தம் கைபேசியைத் தூக்கிக்கொண்டு நடந்து, ஓர் அறைக் கதவின் உள்பக்கத்தைக் காட்டினார். தாழ்ப்பாளைப் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார். பில்லுக்காரர் கண்ணைத் திரைக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

மகள் புறப்படும் நாள் வந்தது. விமான நிலைய வாசலில் மற்ற பெற்றோர் டீச்சரை மொய்த்துக்கொண்டிருந்தார்கள். மகள் கையை ஆட்டிவிட்டு உள்ளே போய் மறைந்தாள். டீச்சருக்கு இவர் குணம் தெரியும். உள்ளே போகுமுன் தாமாகவே வந்தார்.

"சார், காலையிலயும் சாயங்காலமும் பொண்ணை வீடியோவுல காட்டச் சொல்லி அந்த வீட்டுக்காரர்கிட்ட சொல்லட்டுமா? அவரோட நம்பரும் தர்றேன், நீங்களே கூப்பிட்டுப் பாத்துக்கலாம்."

பில்லுக்காரர் கண்ணாடிக் கதவைப் பார்த்தபடி நின்றார்.

"வேணாம் டீச்சர்" என்றார். "அந்த மனுஷன் பாத்துக்குவாரு."

மனைவி திரும்பிப் பார்ப்பதற்குள் அவர் பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடக்க ஆரம்பித்திருந்தார்.