சோதிக்காமல் குடித்த தீர்த்தம்

முகத்துவாரத்துத் தண்ணீரைக் கரகத்தில் எடுத்துவந்து, பூசை முடிந்ததும் பிள்ளைகளுக்குத் தீர்த்தமாகக் கொடுப்பது எங்கள் குப்பத்து ஆடி வழக்கம். அந்தத் தண்ணீரைச் சோதிக்க ஒல்லியான விஞ்ஞானி ஒருவர் வருவார். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் இறங்குவார்.

ஓர் ஆடியில் பூசை நேரத்தில் கோயிலுக்கே வந்துவிட்டார். "பூசாரி ஐயா, இதப் பிள்ளைங்க குடிக்கக் கூடாதுங்க."

"அம்மன் தண்ணியவே கொற சொல்றியா நைனா?"

"அம்மன் மேல குறை இல்லீங்க. கம்பெனிக் கழிவு கலக்குது."

என் மகள் கையேந்தி நின்றிருந்தாள். நடுவில் பேசக் கூச்சப்பட்டு, அவளை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

பூசாரி யோசித்தார். "கரகத்துல அது இருக்கட்டும். குடிக்க லாரித் தண்ணில வேப்பில போட்டுத் தரேன். ஆனா மொதல்ல நீ குடிக்கணும், இன்னா?"

எந்தத் தண்ணீரையும் புட்டியில் பிடித்து ஆராய்கிறவர், அந்த வேப்பிலைத் தீர்த்தத்தை இரு கைகளாலும் வாங்கி அப்படியே குடித்தார். பிறகு என் மகள் குடித்தாள்.

அவர் சாமி கும்பிடுவாரா, தெரியாது. பேரும் கேட்கவில்லை. ஆடிதோறும் அவருக்காகவும் ஒரு வாய் வாங்கிக்கொள்கிறேன்.