வருஷப் பிறப்பன்று மாற்றப்பட்ட பதிப்பு

2025 ஆகஸ்ட் 17, மலையாளச் சிங்க மாதம் ஒன்றாம் தேதி, கொல்லம் வருஷப் பிறப்பு. அன்று காலை ஒன்பதரை மணிக்கு, ஸ்ரீவராகம் தெருச் சமூக மன்றத்தின் படிப்பகத்தில் ஏழாண்டுகளாக நான் பராமரித்துவந்த ஐந்து கணினிகளின் பொறுப்பு, முன்னறிவிப்பின்றி என்னிடமிருந்து எடுக்கப்பட்டு, தலைவர் திரு. ஸ்ரீனிவாசனின் தம்பி மகன் கேசவிடம் ஒப்படைக்கப்பட்டது. இதுவே என் குற்றச்சாட்டு. உறுப்பினர்கள் அனைவரும் அறியும்படி, நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

நான் வெங்கடேஸ்வரன். பிரீடிகிரிக்கு மேல் கல்லூரியில் படிக்காதவன். சாலை பஜாரில் ஒரு மருந்து மொத்தக் கடையில் முப்பது வருஷம் பில் எழுதினேன். கடையில் கழித்துக்கட்டிய கணினியை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஆறு முறை கெடுத்து, ஏழாவது முறை லினக்ஸ் இயங்குதளத்தைக் கற்றுக்கொண்டேன். படிப்பகத்தில் கடைசியாக நான் ஏற்றியிருந்தது உபுண்டு என்ற லினக்ஸ் வகையின் 2022 ஏப்ரல் பதிப்பு. அதற்கு 2027 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும் என்பதால் தேர்ந்தெடுத்தேன். வியாழக்கிழமைதோறும் வரும் திருத்தங்களை முதலாம் கணினியில் மட்டும் ஏற்றுவேன். ஒரு வாரம் பார்ப்பேன். பிரிண்டர் ஓடினால், மாதப் பூஜைக்கான கோத்திர நட்சத்திரப் பட்டியல் திறந்தால், அடுத்த வியாழன் மற்ற நான்கிலும் ஏற்றுவேன். தேதி, நேரம் குறித்த நோட்டுகள் மூன்று என்னிடம் உள்ளன.

அன்று புதுப் பஞ்சாங்கத்தைச் சுவரில் மாட்டிவிட்டுத் திரும்பிய தலைவர், திரையில் 22 என்ற எண்ணைப் பார்த்தார்.

"வெங்கிடு, இதென்ன, இருபத்திரண்டாம் வருஷத்துச் சாமானமா? பழைய பஞ்சாங்கத்தை யாராவது வச்சுண்டிருப்பாளா?"

"இது பஞ்சாங்கம் இல்லை, அண்ணா. அது வெளிவந்த வருஷம். திருத்தம் வாராவாரம் வந்துண்டிருக்கு."

"வாராவாரம் திருத்தற அளவுக்குத் தப்பு இருக்கோ! கேட்டேளா எல்லாரும்?" என்று சிரித்தார். "கேசவ் புதுசு கொண்டுவந்திருக்கானாக்கும். அது மதி, போதும்."

கேசவ், கழக்கூட்டம் என்ற ஊரில் ஐ.டி. வேலை பார்ப்பவன். ஐந்திலும் 2025 ஏப்ரல் பதிப்பை ஏற்றினான். அதற்கு ஒன்பது மாதமே ஆதரவு என்றேன். யாரும் காதில் வாங்கவில்லை. அவனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அறிவிப்புப் பலகையில் 'கணினிப் பொறுப்பு: கேசவ்' என்று நீல எழுத்தில் எழுதினார்கள். ஏழாண்டில் என் பெயரை அங்கே யாரும் எழுதியதில்லை. வீட்டில் மனைவி சுப்புலக்ஷ்மியும், "அந்தப் பிள்ளை ஒரே காலையிலே முடிச்சுட்டான். நீங்க வியாழன் தவறாம போய் என்னதான் பண்ணிண்டிருந்தேள்?" என்றாள்.

எனக்குப் பொறாமை வந்தது. அதை மறைக்கவில்லை. அவன் ஸ்கூட்டர் படிப்பக வாசலில் நிற்கிறதா என்று பார்ப்பதற்காகவே பால் வாங்கச் சுற்றுவழியில் போனேன். யாராவது அவனைப் புகழ்ந்தால் அன்று சோறு இறங்காது. ஏதாவது கெடட்டும் என்று காத்திருந்தேன். ஐந்து மாதம் எதுவும் கெடவில்லை.

2026 ஜனவரியில் அந்தப் பதிப்பின் ஆதரவு முடிந்தது. இனித் திருத்தங்கள் வராது என்று திரைகளில் அறிவிப்பு வந்தது. உறுப்பினர்களின் முகவரியும் போன் எண்களும் உள்ள கணினிகள் பாதுகாப்பின்றி இணையத்தில் நின்றன. பிப்ரவரி 5 அன்று கேசவ் என் வீட்டுக்கே வந்தான்.

"மாமா, உங்க ரீதிதான் சரி. அன்னிக்கே பெரியப்பாகிட்ட சொன்னேன். வருஷப் பிறப்புக்குப் புதுசுதான் வேணும்னுட்டார். அந்த நோட்டுகளைத் தருவேளா? பார்த்துப் பண்ணிடறேன்."

அவன் நல்லவனாக இருப்பதையும் என்னால் பொறுக்க முடியவில்லை. நோட்டுகளைத் தரவில்லை. மறுநாள் தலைவர் போனில் பேசினார்.

"நீயே சத்தமில்லாம சரிபண்ணிக்கொடு. பலகையிலே அவன் பேரே இருக்கட்டும். குழந்தை மனசு நோகும், அல்லே?"

குழந்தைக்கு வயது இருபத்தெட்டு.

வேலையை நான் மறுக்கவில்லை. 2029 வரை ஆதரவுள்ள 2024 ஏப்ரல் பதிப்பை முதலாம் கணினியில் ஏற்றி, ஒரு வாரம் பார்த்து, பிறகே மற்றவற்றில் ஏற்றுவேன். அது என் பெயரில்தான் நடக்கும். அதுவரை அந்தக் கணினிகளை இணையத்தில் இணைக்க வேண்டாம். பொறுப்பு யாருக்கு, பலகையில் யார் பெயர் என்பதை, தலைவர், செயலாளர் இருவரின் கையொப்பத்துடன், 2026 பிப்ரவரி 28க்குள் எனக்கு எழுத்தில் தெரிவிக்கவும். போனில் சொல்வதைப் பதிலாக ஏற்கமாட்டேன்.