வண்டி திரும்பும் ஊர்

கல்கத்தா மெட்ரோவில் தூங்கிப்போய், இறங்கவேண்டிய ஸ்டேஷனைத் தாண்டிக் கடைசி ஸ்டேஷன் வரை போய்விட்டேன். பிளாட்பாரத்தில் அசடு வழிய நின்றுகொண்டிருந்தபோது, டிரைவர் தன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வண்டியின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்து போனார். அவ்வளவுதான், வால் தலையாகிவிட்டது. அந்த நொடியில்தான் தோன்றியது: லீவுக்குப் புரி வேண்டாம், விசாகப்பட்டினம் போகலாம், அம்மாவையும் கூட்டிக்கொண்டு.

தோன்றியதும், எதிர் சீட்டிலிருந்து யாரோ என் முழங்காலை லேசாக உதைத்த மாதிரி. எதிரே சீட்டே இல்லை. நான் நின்றுகொண்டிருந்தேன்.

துர்கா பூஜை லீவுக்கு நாலு நாள் எங்கேயாவது போவது என்று ஏற்கெனவே பேச்சு. அப்பா வரமாட்டார். எங்கள் தெருப் பூஜைக் கமிட்டியில் அவருக்குப் பந்தல் பொறுப்பு. மயிலாப்பூரில் பிறந்த மனிதர், அஷ்டமியன்று கிச்சுடிப் பிரசாதம் பரிமாறுவதை விட்டுவிட்டு எங்கும் நகரமாட்டார். ஆக, நானும் அம்மாவும். ஆபீசில் பக்கத்து சீட்டுக்காரி வங்காள மொழியில் தீர்ப்பே எழுதிவிட்டாள்: "புரிக்குப் போ. எங்களுக்கு லீவுன்னா மூணே ஊர்தான். தீகா, புரி, தார்ஜிலிங். பிறந்ததிலேர்ந்து இங்க இருந்துட்டு புரி பார்க்கலைன்னா உன்னை மெட்ராசுக்கே பார்சல் பண்ணிடுவோம்." நானும் சரி என்றுதான் சொல்லியிருந்தேன்.

விசாகப்பட்டினம் எங்களுக்கு ஊரே இல்லை. வருஷா வருஷம் கோடை விடுமுறையில் ஹவுராவில் ஏறிச் சென்னைக்குப் போகும் வழியில் வருகிற ஒரு பிளாட்பாரம். ஒருமுறைகூட ஸ்டேஷனுக்கு வெளியே கால் வைத்ததில்லை. ஆனால் அங்கேதான் எங்கள் வண்டி திரும்பும். எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்டுவார்கள். அதுவரை முன்னோக்கிப் போனவர்கள் அதே இடத்தில் உட்கார்ந்தபடியே பின்னோக்கிப் போவார்கள். கல்கத்தாத் தமிழ்க் குழந்தைகள் அத்தனை பேருக்கும் இது தெரியும், ஜன்னல் சண்டையை அது ஒன்றுதான் தீர்த்து வைக்கும் என்பதால்.

எதிரெதிராக இரண்டு ஜன்னல். ஹவுராவிலிருந்து முன்னோக்கிப் போவது அக்காவின் பக்கம். "நான் மூத்தவ, முதல் பாதி எனக்கு" என்பாள். விசாகப்பட்டினத்துக்குப் பிறகு காற்று என் முகத்தில் அடிக்கும். எழுந்து இடம் மாறவே வேண்டாம், ரயில் மாற்றிவிடும்.

முதல்முறை விவரம் தெரிந்து பார்த்தபோது எனக்கு ஆறு வயது. வண்டி வந்த பக்கமாகவே கிளம்பியதும் அலறிவிட்டேன். அக்கா முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு சொன்னாள்: "ஆமா, திரும்பிப் போறோம். நீ வரேன்னு கேள்விப்பட்டு அத்தை கதவைப் பூட்டிட்டாங்களாம்." பெட்டி முழுக்கச் சிரித்தது.

அம்மாவுக்கும் அங்கே ஒரு சட்டம் உண்டு. எஞ்சின் மாட்டுகிற அதிர்வு பெட்டியில் தட்டியதும் கையைத் தட்டுவாள். "போதும் பெங்காலி. இனிமே தமிழ்ல பேசுங்க. அங்க போய் அத்தைகிட்ட என் மானத்தை வாங்காதீங்க." அதுவரை வங்காளிக் குழந்தைகள் மாதிரி நான் 'திதி' என்று கூப்பிட்டவள் அந்த நிமிஷத்திலிருந்து 'அக்கா'. பின்னோக்கிப் போவது பிடிக்காமல் அக்கா உம்மென்று எழுந்து வந்து அம்மாவின் மடியில் தலைவைத்துப் படுத்துவிடுவாள். வேலைக்குப் போன பிறகும் அப்படித்தான். கால் நீட்ட இடமில்லாமல் மடங்கிக்கொண்டு படுப்பாள்.

ஒரு மழைக்காலத்துக் காய்ச்சலில் அவள் போய்விட்டாள். அதற்குப் பிறகு நாங்கள் அந்த ரயிலில் ஏறவில்லை. ஒரே ஒருமுறை சென்னைக்குப் போக வேண்டி வந்தபோது விமானத்தில் போனோம். அங்கே எல்லா சீட்டும் முன்னோக்கித்தான்.

நானும் அம்மாவும் பஸ்ஸில் ஏறினால் ஜன்னலோரத்தை விட்டுவிட்டு உட்காருகிறோம். பேசி வைத்துக்கொண்டதில்லை. லேக் மார்க்கெட்டில் காப்பிப்பொடி வாங்கிக்கொண்டு வந்த ஒருநாள், பின்னால் நின்ற பெண்மணி கேட்டாள்: "உள்ளே தள்ளி உட்காரேன்மா, யாருக்கு இடம் போட்டிருக்கே?" இரண்டு பேருமே தள்ளவில்லை. காலை ஒதுக்கி அவளுக்கு வழிவிட்டோம். அவள் உட்கார்ந்ததும், யார்மேலோ உட்கார்ந்துவிட்டாளே என்று எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அம்மா காப்பிப்பொடிப் பையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அன்றைக்கு மெட்ரோவிலிருந்து ஓட்டமாக வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றும்போதே சொன்னேன். "அம்மா, புரி கேன்சல். வைசாக்!"

அவள் தாளித்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. "புரின்னா வரேன்."

"ரெண்டு இடத்துலயும் கடல்தானே?"

"அப்போ புரிக் கடலே போதும்."

"அங்க மலையும் இருக்கும்மா. கடலுக்குப் பக்கத்துலயே..."

"உனக்கு எதுவும் தோணினா உடனே நடக்கணும். பூகோள டீச்சர் மாதிரி நிக்காதே. கறிவேப்பிலையை எடு."

எடுத்துக் கொடுத்தேன். அவள் அதைப் போடாமல் கையிலேயே வைத்திருந்தாள். கடுகு கருகியது.

"வண்டி திரும்பினா அவ எழுந்து வருவாடி" என்றாள், ரொம்பச் சாதாரணமாக. "நான் மடியை என்ன பண்றது?"

அடுப்பை அணைத்தேன். இத்தனை நாள் நான் எதிர் சீட்டைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அம்மாவின் பயம் வண்டி திரும்பிய அடுத்த நிமிஷத்தில் இருந்திருக்கிறது.

சாப்பிடும்போதுதான் எனக்குப் பளிச்சிட்டது. "அம்மா, நாம அங்க இறங்கிடுவோமே. திரும்பறப்போ நாம வண்டியிலயே இருக்கமாட்டோம்."

அவள் ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "வெளியில நின்னு பாக்கலாமா?"

"பிளாட்பாரத்துல நிப்போம். எஞ்சினை மாட்டறதைப் பாத்துட்டு ஊருக்குள்ள போகலாம்."

"கிளம்பிப் போறதையும் பாக்கணும்." மோரை ஊற்றிக்கொண்டு, "வரும்போது?"

"திரும்பி வர வண்டி வேற. அங்கேயே புறப்படறதா பாத்து டிக்கெட் போடறேன், நடுவுல திரும்பாது."

"ஜன்னல்?"

"ரெண்டும் கேக்கறேன். கிடைக்கலைன்னா யாரையாவது கெஞ்சறேன்."

"அவ பக்கம் நீ உக்காரு" என்றாள் அம்மா. "உன் பக்கம் நான்."

உள் அறையிலிருந்து அப்பா வங்காளத்தில் யாரிடமோ போனில் மூங்கில் இன்னும் வரவில்லை என்று கத்திக்கொண்டிருந்தார்.

டிக்கெட் போட்டாயிற்று. புரி போகவில்லை என்று கேட்டதிலிருந்து பக்கத்து சீட்டுக்காரி என்னோடு பேசவில்லை. ஹவுராவில் ஏறியதும் அக்காவின் ஜன்னலில், முன்னோக்கி, உட்கார்ந்து பார்க்கப்போகிறேன். என் முழங்கால் அம்மாவின் முழங்காலில் இடிக்கும். விசாகப்பட்டினத்தில் இறங்கி, பையைக் காலடியில் வைத்துக்கொண்டு, காலியான அந்த இரண்டு ஜன்னல்களும் எங்களைக் கடந்து போகும்வரை நிற்கவேண்டும். அங்கே எந்தப் பெயரைச் சொல்லி அவளைக் கூப்பிடுவது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. முதலில் திதி என்று கூப்பிட்டுப் பார்ப்பேன். அம்மா கையைத் தட்டினால், அக்கா.