பந்தியில் வைத்த தேன்

என் ஐந்து தேன்பெட்டிகளையும் கொளுத்தச் சொன்ன மனிதரை அதே பெட்டிகளின் எதிரில் தன் சொல்லைத் தானே திரும்ப வாங்க வைத்தவள் நான். நடந்தது அறுபதுகளில். இன்று சொல்லும்போதும் தலை கொஞ்சம் நிமிரத்தான் செய்கிறது. அடக்கமாகச் சொல்லேன் என்பார் என் வீட்டுக்காரர். அடக்கத்துக்கு அவர் வேறு ஆளைப் பார்க்கட்டும்.

செஞ்சியில் ராஜகிரி அடிவாரத்தில் எங்கள் கொல்லை. வேலியோரம் வரிசையாக ஐந்து பெட்டிகள். ஆறாவதை மேல்சித்தாமூரில் ஒரு ஜைனக் குடும்பத்தின் எள்ளு நிலத்தில் வைத்திருந்தேன். அவர்கள் தேனைத் தொடமாட்டார்கள். ஈ வந்து பூவில் உட்கார்ந்தால் நன்றாகக் காய் பிடிக்கும், எங்களுக்கு அது போதும் என்றார்கள்.

பங்குனியில் கொல்லைப் பெட்டிகளைத் திறந்தால் புளித்த வாடை அடித்தது. தேனடையில் வெள்ளை வெளேரென்று சுருண்டிருக்க வேண்டிய புழுக்கள் பழுப்பாகிக் கூழாய்க் கிடந்தன. மாதம் ஒருமுறை சைக்கிளில் வந்து பெட்டி பார்க்கும் தேனீ மேஸ்திரி, ஈர்க்குச்சியால் ஒரு புழுவைத் தொட்டு, கூழ் ஒட்டி வந்ததைப் பார்த்துவிட்டு, கிருமி நோய் என்றார். ஐந்தையும் எரித்துவிட வேண்டும், அடுத்த மாதம் தானே மண்ணெண்ணெயோடு வருகிறேன் என்றும் சொன்னார். அந்த இரைச்சல் இல்லாத கொல்லையில் ஒரு பொழுதுகூட என்னால் நிற்க முடியாது.

ஆறாவதும் போயிருக்குமோ என்ற பயத்தில் மறுநாளே மேல்சித்தாமூருக்கு பஸ் ஏறினேன். அங்கே ஒரு புழுகூட அழுகவில்லை. என் வயதொத்த அந்த வீட்டுப் பெண் வரப்பில் நின்றிருந்தாள். கொல்லைப் பெட்டிகளுக்கு நான் ஒரு குறையும் வைத்ததில்லையே என்று அவளிடம் புலம்பினேன். தேன் எடுக்கும் நாளெல்லாம், பிழிந்த அடையைத் தேன் சொட்டச் சொட்ட ஒரே தாம்பாளத்தில் வைத்து, ஐந்து பெட்டி ஈக்களுக்கும் பந்தி போடுவேன். எடுத்துக்கொண்டவள் கொஞ்சம் திருப்பிக் கொடுக்க வேண்டாமா? என் புகுந்த வீட்டு வழக்கம் அது.

அவள் முகத்தைச் சுளித்தாள்.

"ஒருத்தர் எச்சிய இன்னொருத்தருக்கு வெப்பாங்களா? ஒங்க வூட்ல அப்டித்தான் சாப்புடுவீங்களா?"

கிண்டலாகத்தான் கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. விருந்தாளி குடித்த டம்ளரைக் கழுவாமல் தொடாதவள் நான். ஏதோ ஒரு பெட்டியில் இருந்த நோயை நானே தாம்பாளத்தில் வைத்து மற்ற நான்குக்கும் பரிமாறியிருக்கிறேன்! பஸ்ஸில் வரும் வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு வந்தேன்.

பெட்டி வாங்கியபோது கொடுத்த பயிற்சியில் காதில் விழுந்தது பாதி, என் புத்தியில் பட்டது பாதி என்று வேலையில் இறங்கினேன். ராணிகளைக் கம்பிவலைக் கூண்டில் அடைத்தேன். முட்டை விழாவிட்டால் புழு இல்லை, புழு இல்லாவிட்டால் கிருமி எதைத் தின்னும்? ஈக்களைத் தனித்தனிக் கூடைகளில் உதறி, ராணிக் கூண்டையும் உள்ளே வைத்துத் துணி கட்டி, வயிற்றிலிருக்கும் பழைய தேன் செரியட்டும் என்று ஒரு நாள் பட்டினி போட்டேன். பழைய அடைகளைக் குழியில் எரித்து மூடினேன். பெட்டிகளின் உட்புறத்தை வைக்கோல் தீயில் வாட்டி வெயிலில் போட்டேன். மறுபடி ஈக்களைக் குடிவைத்தபோது பெட்டிக்கு ஒரு கொட்டாங்குச்சி, அதில் காய்ச்சிய சர்க்கரைப் பாகு. ஒன்றின் ஈ மற்றொன்றில் நுழையாதபடி வாசலையும் குறுக்கினேன். ரேஷன் சர்க்கரை முழுக்க ஈக்களுக்கே போனதால், வீட்டுக்காரர் அந்த மாதம் வெல்லக் காப்பியைக் குடித்து முணுமுணுத்தார். ஒரு கூட்டம் ஓடிப்போகப் பார்த்தது. ராணி கூண்டில் இருந்ததால் கிளம்பிய வேகத்தில் திரும்பியது. பத்து நாள் கழித்து ராணிகளைத் திறந்துவிட்டேன்.

மேஸ்திரி சொன்னபடியே மண்ணெண்ணெய் பாட்டிலோடு வந்தார். முதலில் பாருங்கள், பிறகு கொளுத்துங்கள் என்றேன். புது அடைகளில் புழுக்கள் முத்து முத்தாக மின்னின. பெட்டிக்கு ஒன்றாக நான் ஐந்து புது ஈர்க்குச்சிகளை நீட்ட, ஐந்திலும் குத்திக் குத்திப் பார்த்தார். கூழ் ஒட்டவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு ஆடவேண்டும் போல இருந்தது.

ஐந்து குச்சிகளையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தவர் மெதுவாகக் கேட்டார்.

"தளவானூர்ல ரெண்டு பெட்டி இருக்குதும்மா. சாயந்திரம் கொளுத்தறதா சொல்லியிருக்கேன். நீ வந்து பாக்கறியா?"

"இப்பவே போலாம் சார். அந்த பாட்டில இங்கயே வெச்சிட்டு வாங்க" என்றேன்.